ஃபில்டரில் பள்ளமா, ஆடியோவில் கோளாறா? லேப்டாப் ஸ்பெக்ட்ரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

நங்கநல்லூர்_40மீ

வணக்கம். ஹாம் ரேடியோவுக்கான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ் கைக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அஷ்ஹர் ஃபர்ஹானின் பிட்எக்ஸ் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்து 40 மீட்டருக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) பேசவும் கேட்கவும் ஒரு செட் கட்டியிருக்கிறேன். ஐஎஃப் (சிக்னலை மாற்றிக் கொண்டுபோகும் இடை அதிர்வெண்) 12 மெகாஹெர்ட்ஸ், குரலின் அகலத்தை மட்டும் உள்ளே விட நான்கு கிறிஸ்டல் லேடர் ஃபில்டர், டியூன் செய்யும் விஎஃப்ஓவும் ஐஎஃப்பை ஆடியோவாக்கும் பிஎஃப்ஓவும் ஒரே எஸ்ஐ5351 ஆசிலேட்டர் போர்டிலிருந்து, அதை ஓட்ட ஒரு ஆர்டுயினோ நானோ. கிறிஸ்டல்களை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 20 வாங்கினேன், கைக்கு வந்த நான்கை எடுத்து அப்படியே சால்டர் செய்தேன்.

செட் வேலை செய்கிறது. காலையில் பெங்களூரு, கோவை, கொச்சி எல்லாம் நன்றாகவே வருகின்றன. ஆனால் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. எஸ், எஃப் இரண்டும் ஒன்றாகவே காதில் விழுகின்றன. கால்சைனை (ஒவ்வொரு ஹாமுக்கும் உள்ள அடையாளப் பெயர்) மூன்று முறை திருப்பிக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கும் சங்கடம்.

சரி, கண்ணால் பார்ப்போம் என்று ஸ்பீக்கர் அவுட்டை லேப்டாப்பில் கொடுத்து, ஆண்டெனா இரைச்சலை ஒரு நிமிடம் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து ஸ்பெக்ட்ரம் போட்டேன். கோடு 100 ஹெர்ட்ஸிலேயே மேலே ஏறிவிடுகிறது. 900 அருகில் ஒரு பள்ளம், 7 டெசிபல் இருக்கும். 1600 தாண்டியதும் மெல்லச் சரிய ஆரம்பித்து 2300இல் மலை உச்சியிலிருந்து விழுவது போல ஒரே விழு. பிஎஃப்ஓ இப்போது 11998000 ஹெர்ட்ஸில் இருக்கிறது.

என்னிடம் மல்டிமீட்டர் தவிர வேறு கருவி கிடையாது. பள்ளம் கிறிஸ்டலாலா? சரிவும் அதனால்தானா? எதை முதலில் கழற்றுவது என்றே தெரியவில்லை.

ஆவடி_பெஞ்ச்

ப்ரோ, ஃபில்டர்களை அளக்கிற சின்னக் கருவி, ஒரு நானோவிஎன்ஏ வாங்கிவிடுங்கள். ஃபில்டரைத் தனியாகக் கழற்றி மாட்டினால் ஐந்து நிமிடத்தில் வளைவு திரையில் வந்துவிடும். ஆடியோவில் பார்ப்பதெல்லாம் சுற்றுவழி.

மயிலாப்பூர்_வால்வு

தம்பி, எதையும் கழற்றாதீர்கள். லேப்டாப் ஒன்றே போதும், உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. இது புது வித்தையும் கிடையாது. எலெக்ராஃப்ட் கே2 என்ற ரேடியோ கிட் கட்டியவர்கள் ஸ்பெக்ட்ரோகிராம் என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு இதே முறையில்தான் ஃபில்டர்களைச் சரிசெய்தார்கள். இன்றைக்கு ஸ்பெக்ட்ரம் லேப் இலவசமாகவே கிடைக்கிறது, ஆடாசிட்டியும் தாராளமாகப் போதும்.

முதலில் ஆண்டெனாவைக் கழற்றுங்கள். சென்னையில் ஆண்டெனா இரைச்சலை நம்பி அளவெடுக்க முடியாது. எதிர்வீட்டு இன்வெர்ட்டர், மாடிப்படி எல்ஈடி பல்பு, யாரோ கொடுக்கும் சிக்னல் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கோடு உருவாகிறது. நமக்கு வேண்டியது எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக இருக்கிற இரைச்சல். அதற்கு ஒரு சின்னப் பெட்டி கட்டிக்கொள்ளுங்கள். ஒரு பிசி547, அதன் பேஸ் கிரவுண்டில், எமிட்டருக்கு 12 வோல்ட்டிலிருந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாகக் கரண்ட், கலெக்டரைச் சும்மா விட்டுவிடுங்கள். தலைகீழாக மாட்டிய அந்த ஜங்ஷன் 7, 8 வோல்ட்டில் உடைந்து கொட்டுகிற இரைச்சல் 7 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே தாராளமாகப் போகும். 9 வோல்ட் பேட்டரி சில டிரான்சிஸ்டருக்குப் போதாது, 12 கொடுங்கள். பின்னால் இரண்டு பிசி547 ஆம்ப்ளிஃபையர், கடைசியில் 100, 68, 100 ஓம் போட்டு சிக்னலைக் குறைக்க 10 டெசிபல் பேட். பெட்டியை ஆன் செய்யும்போது ஸ்பெக்ட்ரம் கோடு முழுவதும் 20 டெசிபலாவது எழும்ப வேண்டும், அது போதும். ஒரு விஷயத்தைக் கட்டாயம் செய்யுங்கள்: ஆரம்பிக்கும் முன் மைக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். பெட்டி மாட்டியிருக்கும்போது தவறிப்போய் பிடிடி (பேசுவதற்கான பட்டன்) அழுத்தினால் பவர் முழுவதும் அந்தச் சின்ன டிரான்சிஸ்டருக்குள் போய்விடும்.

இனி உங்கள் கேள்வி. திரையில் தெரிகிற கோடு ஃபில்டரின் உருவம் மட்டும் இல்லை. ஃபில்டர், டிடெக்டருக்கு (ஐஎஃப்பும் பிஎஃப்ஓவும் கலந்து ஆடியோ வரும் இடம்) பின்னால் உள்ள கெபாசிட்டர்கள், ஆடியோ ஆம்ப்ளிஃபையரான எல்எம்386, கேபிள், சவுண்ட் கார்டு, இத்தனையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட கோடு அது. பிரித்துப் பார்க்க ஒரே ஒரு வழி போதும். பிஎஃப்ஓவை நகர்த்துங்கள்.

உங்கள் செட்டில் 7 மெகாஹெர்ட்ஸும் 5 மெகாஹெர்ட்ஸும் கூடி 12 வருகிறது. அதனால் சைட்பேண்ட் (கேரியருக்கு ஒரு பக்கம் உள்ள குரல் பகுதி) தலைகீழாகத் திரும்புவதில்லை, 40 மீட்டரில் பேசுகிற எல்எஸ்பிக்கு (கீழ் சைட்பேண்ட்) பிஎஃப்ஓ ஃபில்டரின் மேல்பக்கம் உட்காருகிறது. ஆடியோ என்பது பிஎஃப்ஓவிலிருந்து ஐஎஃப்பைக் கழித்து வருவது. பிஎஃப்ஓவை 400 ஹெர்ட்ஸ் உயர்த்தினால் ஃபில்டரில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் திரையில் 400 ஹெர்ட்ஸ் வலது பக்கம் போக வேண்டும். ஆடியோ பகுதியில் உள்ள கோளாறுக்கு பிஎஃப்ஓ எங்கே இருக்கிறது என்றே தெரியாது, அது இருந்த இடத்திலேயே இருக்கும். நகர்வது ஃபில்டர், நகராதது ஆடியோ. உங்கள் ஆர்டுயினோ நிரலில் பிஎஃப்ஓவை மாற்றினால் விஎஃப்ஓவும் சேர்ந்து மாறலாம். கவலை வேண்டாம், உள்ளே வருவது வெறும் இரைச்சல், எங்கே டியூன் செய்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

11998000இல் ஒரு பதிவு, 11998400இல் ஒரு பதிவு. வேறு எதையும் தொடாமல் இரண்டையும் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

பெரம்பூர்_க்யூஆர்பி

வால்வு சார் சொன்னதோடு லேப்டாப் பக்கம் இரண்டு விஷயம், நான் ஒரு வாரம் இதில் மாட்டிக்கொண்டு இருந்தேன்.

விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை முழுவதும் ஆஃப் செய்யுங்கள். பின்னணி இரைச்சலை அழிப்பதுதான் அதன் வேலை. நாம் அளக்கப்போவதே இரைச்சலைத்தான். எனக்குப் பதிவு ஆரம்பித்த இரண்டு விநாடியில் கோடு அப்படியே அமிழ்ந்துவிடும், ஃபில்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் ஸ்பெக்ட்ராய்டு மாதிரி ஆப்பை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பதும் வேண்டாம், ஸ்பீக்கர் கோனும் அறைச்சுவரும் சேர்ந்து கோட்டைக் கெடுத்துவிடும், கம்பி வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது, லேப்டாப்பில் ஒரே ஓட்டைதான் இருக்கிறது என்றால் அது மைக் இன்புட். அதில் எலக்ட்ரெட் மைக்குக்காக ஒரு சின்ன டிசி வோல்ட்டேஜ் வந்துகொண்டே இருக்கும், சில மில்லிவோல்ட்டுக்கே அது நிறைந்துவிடும். ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து 10 கே ரெசிஸ்டர், அதிலிருந்து கிரவுண்டுக்கு 470 ஓம், அந்தச் சந்திப்பிலிருந்து 1 மைக்ரோஃபாரட் வழியாக ஜாக். வால்யூமைக் குறைவாகவே வையுங்கள். கிளிப் ஆனால் பள்ளங்களெல்லாம் நிரவப்பட்டு ஃபில்டர் அருமையாக இருப்பதாகக் காட்டும், அதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், சார்ஜர் மாட்டியிருந்தால் 50, 100, 150 என்று வரிசையாக முட்கள் வந்து நிற்கும்.

ஆடாசிட்டியில் சைஸ் 4096 போதும், 48000 சாம்பிளிங்கில் ஒரு புள்ளிக்கு 12 ஹெர்ட்ஸ் வரும். 65536 வைத்தால் கோடு புல்தரை மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கும், எதுவும் புரியாது. ஒரு நிமிடப் பதிவைத் துண்டு துண்டாக எடுத்து அதுவே சராசரி போட்டுத் தருகிறது, அதனால்தான் கோடு வழுவழுப்பாக வருகிறது. கிடைமட்ட அச்சை லாகிலிருந்து லீனியருக்கு மாற்ற மறக்காதீர்கள்.

ஏஜிசியை (சத்தத்தைத் தானாகவே சமப்படுத்தும் சர்க்யூட்) ஆஃப் செய்ய வேண்டும் என்று பலர் சொல்வார்கள். ஒரு டோனை மெதுவாக நகர்த்திப் பார்ப்பவர்களுக்கு அது கட்டாயம், இல்லாவிட்டால் ஏஜிசி பள்ளத்தையெல்லாம் தூக்கிப் பிடித்துச் சமமாகக் காட்டும். இங்கே இரைச்சல் ஒரே அளவில் இருப்பதால் ஏஜிசி ஓரிடத்தில் நிலைத்து நின்றுவிடும், உருவம் மாறாது.

நங்கநல்லூர்_40மீ

எல்லோருக்கும் நன்றி. பெட்டி கட்டவே இரண்டு இரவு ஆகிவிட்டது. முதலில் போட்ட டிரான்சிஸ்டர் சத்தமே போடவில்லை, மூன்றாவது நன்றாகக் கொட்டியது. என்ஹான்ஸ்மென்ட்ஸ் ஆன் ஆகித்தான் இருந்தது, ஆஃப் செய்துவிட்டேன்.

11998000இல் பழைய கதைதான், பள்ளம் 900இல், விளிம்பு 2300இல். 11998400 கொடுத்ததும் பள்ளம் 1300க்குப் போய்விட்டது, வலது விளிம்பு 2700க்குப் போய்விட்டது. ஆனால் அந்த மெல்லிய சரிவு மட்டும் அதே 1600 பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது. இரண்டு கோடுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எனக்கே தெரிந்துவிட்டது, இவை இரண்டு வேறு கோளாறுகள். பள்ளம் ஃபில்டரில். சரிவு ஆடியோவில். சரியாகப் புரிந்துகொண்டேனா சார்?

மயிலாப்பூர்_வால்வு

மிகச் சரி. சுலபமானதை முதலில் முடித்துவிடுங்கள். டிடெக்டருக்கும் வால்யூம் கன்ட்ரோலுக்கும் நடுவில் ஒரு 1 கே ரெசிஸ்டரும் கிரவுண்டுக்கு ஒரு கெபாசிட்டரும் இருக்கிறதா? அந்தக் கெபாசிட்டரின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 1 கேவும் 0.1 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் 1600 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறங்கிவிடும், 2700க்குப் போவதற்குள் 6 டெசிபல் போய்விடும். உங்கள் எஸ்ஸும் எஃபும் அங்கேதான் தொலைகின்றன.

அடுத்து பள்ளம். நான்கு கிறிஸ்டல் ஃபில்டரில் இரண்டு முனைகளின் இம்பிடன்ஸ் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் அலை அலையாக மேடும் பள்ளமும் வரும். ஒரே இடத்தில் 7 டெசிபல் குழி என்றால் ஒரு கிறிஸ்டல் மற்ற மூன்றோடு ஒட்டவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 20 வாங்கினீர்கள் அல்லவா, மீதி 16ஐயும் எடுங்கள். பிரித்துத் தேர்ந்தெடுக்க ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர் தேவையில்லை, அதே லேப்டாப்தான். ஒரு டிரான்சிஸ்டர் போட்டு ஒரு கிறிஸ்டல் ஆசிலேட்டர், கிறிஸ்டல் உட்கார ஒரு சாக்கெட். அதை டிடெக்டர் பக்கம் ஒரு துண்டு வயரோடு வைத்தால் போதும், பிஎஃப்ஓவோடு அடித்து ஒரு விசில் வரும். பிஎஃப்ஓவை நகர்த்தி விசிலை 2000 ஹெர்ட்ஸ் அருகில் கொண்டுவந்து, பிறகு பிஎஃப்ஓவைத் தொடாமல் ஒவ்வொரு கிறிஸ்டலாக மாற்றி விசிலின் அதிர்வெண்ணை எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவை கிறிஸ்டல்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் மட்டும்தான். இங்கே மட்டும் எஃப்எஃப்டி சைஸை (மேலே 4096 என்று சொன்ன அதே சைஸ்) 16384 ஆக்குங்கள், 3 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும். 2.4 கிலோஹெர்ட்ஸ் அகல ஃபில்டருக்கு நான்கும் 50 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நிம்மதி.

கிறிஸ்டலை விரலால் பிடித்துச் சொருகியதும் எழுதாதீர்கள். ஒரு நிமிடம் ஆறட்டும்.

ஆவடி_பெஞ்ச்

முதலில் நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். நேற்று என் செட்டில் இதைச் செய்து பார்த்தேன். ஃபில்டரை நானோவிஎன்ஏவில் பார்த்தபோது அழகாக இருந்தது, ஆனால் பிஎஃப்ஓ அதன் விளிம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை அது காட்டவே காட்டாது. ஆடியோ ஸ்பெக்ட்ரத்தில் பார்த்த பிறகுதான் இடது விளிம்பு 550 ஹெர்ட்ஸில் ஆரம்பிப்பது தெரிந்தது, என் செட்டில் எல்லோர் குரலும் ஏன் தகரம் மாதிரி இருந்தது என்பதும் புரிந்தது.

நானோவிஎன்ஏ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது 50 ஓம் கருவி. ஃபில்டர் 200 ஓம் என்றால் இரண்டு பக்கமும் 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டுத்தான் அளக்க வேண்டும். லெவல் குறைவாகக் காட்டும், உருவம் உண்மையாக இருக்கும். அது இல்லாமல் நேராக மாட்டினால் இல்லாத பள்ளங்களெல்லாம் தெரியும், நல்ல கிறிஸ்டலைக் கழற்றிப் போட்டுவிடுவீர்கள்.

நங்கநல்லூர்_40மீ

கெபாசிட்டரில் 104 என்று எழுதியிருந்தது. சர்க்யூட்டில் கேட்டது 103. டப்பாவில் இரண்டும் ஒரே பிரிவில் கலந்து கிடந்திருக்கின்றன. மாற்றியதும் 1600 சரிவு காணாமல் போய்விட்டது.

கிறிஸ்டல் வேலையை ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து செய்தேன். ஃபேன் ஓடினால் ஸ்பெக்ட்ரம் லேப் திரையில் கோடு நிற்காமல் நெளிந்துகொண்டே இருந்தது, அதனால் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க எழுதினேன். ஒரு கிறிஸ்டலின் மூடியை விரல் நுனியால் லேசாகத் தொட்டேன், நேர்க்கோடாக இறங்கிக்கொண்டிருந்தது சட்டென்று 30 ஹெர்ட்ஸ் ஒதுங்கி வளைந்தது. விரலை எடுத்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்ப முக்கால் நிமிடம் ஆனது. கண்ணாடி மாதிரி ஒரு சின்னத் துண்டு என் விரல் சூட்டை உணர்ந்து அதைத் திரையில் வரைந்து காட்டுகிறது. அதையே நாலைந்து முறை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலகையில் இருந்த நான்கையும் கழற்றி அளந்ததில் மூன்று 90 ஹெர்ட்ஸுக்குள் இருந்தன, நான்காவது 520 ஹெர்ட்ஸ் தள்ளி. மொத்தம் 20இல் 40 ஹெர்ட்ஸுக்குள் வருகிற நான்கு கிடைத்தன. அவற்றைப் போட்டு, மூடிகளை மெல்லிய கம்பியால் கிரவுண்டோடு இணைத்து, மறுபடியும் பெட்டியை மாட்டிப் பதிவு எடுத்தேன். குழி இல்லை. மேலே ஒன்றரை டெசிபல் அலை இருக்கிறது, அவ்வளவுதான்.

பிஎஃப்ஓவை 50 50 ஆக நகர்த்தி, 6 டெசிபல் இறங்கும் இடம் இடது பக்கம் 300, வலது பக்கம் 2700 வருகிற மாதிரி நிறுத்தினேன். அந்த எண்ணை ஆர்டுயினோ நிரலிலும் எழுதி, செட்டின் அடித்தகட்டிலும் மார்க்கரால் எழுதிவைத்திருக்கிறேன். இன்று காலை மதுரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கால்சைன் முதல் தடவையிலேயே விழுந்தது, கடைசி எழுத்து எஸ்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பிஎஃப்ஓவை இன்னும் 100 கீழே இறக்கினால் குரல் கனமாக, கேட்க இதமாக இருக்கிறது. அப்படி வைக்கலாமா?

மயிலாப்பூர்_வால்வு

வேண்டாம் தம்பி. காதுக்கு இதமாக இருப்பது உண்மைதான், ஆனால் பிட்எக்ஸில் இதே ஃபில்டரும் இதே பிஎஃப்ஓவும்தான் நீங்கள் பேசும்போதும் வேலை செய்கின்றன. பிஎஃப்ஓ பாஸ்பேண்டை (ஃபில்டர் உள்ளே விடும் பகுதி) நெருங்க நெருங்க, பிஎஃப்ஓவிலிருந்து வரும் கேரியரை ஃபில்டர் அடக்குவது குறையும், எதிர் சைட்பேண்டின் அடிப்பகுதியும் கசிய ஆரம்பிக்கும். பாஸ்பேண்டின் உச்சியிலிருந்து 20 டெசிபல் கீழே கேரியர் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. லேடர் ஃபில்டருக்கு மேல்பக்கம்தான் செங்குத்து, உங்கள் பிஎஃப்ஓ அந்தப் பக்கமே இருப்பதால் 300இல் வைத்தாலே அந்தக் கணக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம். ஆண்டெனாவுக்குப் பதிலாகப் பவரைத் தாங்கும் ரெசிஸ்டரான டம்மி லோடு போட்டு, மைக்கில் எதுவும் பேசாமல் பிடிடி அழுத்தி, பக்கத்து அறையில் இன்னொரு ரிசீவரை வைத்து அதன் ஆடியோவையும் இதே ஸ்பெக்ட்ரத்தில் பாருங்கள். கேரியர் ஒரு ஒற்றைக் கோடாகத் தெரியும். பிறகு சாதாரணமாகப் பேசி, குரலுக்கும் அந்தக் கோட்டுக்கும் எத்தனை டெசிபல் இடைவெளி என்று எழுதிக்கொள்ளுங்கள். பிஎஃப்ஓவை 100 இறக்கி மறுபடி அளந்தால் வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியாகச் செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறை) ஆட வேண்டும் என்று ஆசை வந்தால் அப்போது சொல்லுங்கள். அதற்கு 200லிருந்து 3000 வரை அகலம் இருந்தால் நல்லது, ஃபில்டர் கெபாசிட்டர்களை மாற்ற வேண்டியிருக்கும், முனை இம்பிடன்ஸும் கூடவே மாறும்.

பெரம்பூர்_க்யூஆர்பி

இந்தப் பதிவுகளை அழிக்காமல் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் செட்டில் மே மாதம் எடுத்த கோட்டுக்கும் டிசம்பரில் எடுத்த கோட்டுக்கும் 60 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தது.

நங்கநல்லூர்_40மீ

300இலேயே விட்டுவிட்டேன். டம்மி லோடு சோதனையை வரும் சனிக்கிழமை செய்கிறேன், பக்கத்து வீட்டுத் தம்பியிடம் 7 மெகாஹெர்ட்ஸையும் எடுக்கிற ஒரு ஆர்டிஎல் டாங்கிள் (யூஎஸ்பியில் மாட்டும் சின்ன ரிசீவர்) இருக்கிறது, அதையே இரண்டாவது ரிசீவராக வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், ஆன்டெனா இல்லாமல் ஒரு துண்டு வயர் மட்டும் போட்டு.

இரைச்சல் பெட்டி இனி எனக்கு மாதத்துக்கு ஒரு நாள்தான் தேவைப்படும். தென்சென்னையில் யாராவது செட் கட்டிக்கொண்டிருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், நங்கநல்லூர் வந்து வாங்கிப் போகலாம். 12 வோல்ட் அடாப்டர் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். 73 (ஹாம் மொழியில் வாழ்த்துகள்).